முதல் தட்டை விட்டுவிட்டுக் கேளுங்கள்: வன்னியிலிருந்து ரெகேக்குள் போக ஒரு வழி

கிளிநொச்சிச் சந்தையடியில் கொஞ்ச நேரம் நின்றால், ஜமேக்காத் தீவின் பாடகர் பொப் மார்லியின் முகம் ஒட்டிய ஓட்டோ ஒன்றாவது கடந்து போகும். சிவப்பு, மஞ்சள், பச்சை, விரிந்த சடை, ஒரு சிரிப்பு. உள்ளே ஓடுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டாக இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை, அவர் பாடிய ரெகே என்ற ஜமேக்கா இசை எனக்கும் அந்த முகத்தில்தான் தொடங்கியது. ஆனால் அந்த முகத்திலிருந்து பாட்டுக்குள் போக எனக்குப் பல வருடம் பிடித்தது, ஏனென்றால் நான் பிழையான வாசலால் நுழைந்தேன். வரிகளை எழுதி வைத்துக்கொண்டு அகராதி புரட்டினேன். ஜமேக்கா மக்கள் பேசுகிற பட்வா மொழியைப் பாடசாலை அகராதியில் தேடினால் எங்கே கிடைக்கும்? அதனால் நீங்கள் நேர் எதிராகப் போங்கள். முதலில் உடம்பால் கேளுங்கள், பிறகு அது வந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு அதற்குள் இருக்கிற பக்தியை. சொற்களுக்குக் கடைசியில் வரலாம்.

முதல் வேலை, போனின் ஸ்பீக்கரை நிறுத்துவது. ரெகேயில் பாட்டின் முதுகெலும்பு பேஸ் கிற்றார். மற்ற இசைகளில் பேஸ் பின்னால் நின்று தாங்கும், இங்கே அதுதான் முன்னால் நடக்கும், பாடகருக்கு ஈடாக அதற்கும் தனியாக ஒரு மெட்டு இருக்கும். போனின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஆழமான ஒலியை எழுப்ப முடியாது. கிற்றாரின் சக்... சக்... மட்டும்தான் காதுக்கு வரும், அதை வைத்து "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி" என்று முடிவுகட்டி விடுவோம். நல்ல ஹெட்செட் ஒன்று போதும். அதைவிட நல்லது, ஊரில் சவுண்ட் சேர்விஸ் நடத்துகிற யாரையாவது தெரிந்திருந்தால், திருவிழாவுக்குப் பெட்டிகளை அடுக்கிப் பரிசோதிக்கிற நேரத்தில் ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் அப்படித்தான் ஒருமுறை, பெரிய பேஸ் பெட்டிக்கு மூன்று அடி தள்ளி நின்று, மார்லியின் குழுவில் பேஸ் வாசித்த அஸ்ரன் பரெற்றைக் கேட்டேன். சட்டைத் துணி அதிர்ந்தது. அதுவரை நான் ரெகேயைக் கேட்கவே இல்லை என்று அன்றுதான் விளங்கியது.

சரி, இனித் தாளம். நாங்கள் கோயில் மேளம் கேட்டு வளர்ந்தவர்கள், தாளத்தின் முதல் அடியான சமத்தில் கை விழுந்தால்தான் மனம் ஆறும். ரெகே அந்த இடத்தைத்தான் காலியாக விடுகிறது. தொடையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு தட்டுங்கள். இரண்டிலும் நான்கிலும் கிற்றார் வெட்டும், ஸ்கங்க் என்பது அதற்குப் பெயர். மூன்றில் பெரிய ட்ரம்மும் அதோடு ஓரத் தட்டும் சேர்ந்து விழும். ஒன்றில் ட்ரம் மௌனம். இதைத்தான் வன் ட்ரொப் என்கிறார்கள், முதல் அடியைக் கைவிட்டது என்று பொருள். அஸ்ரனின் தம்பி கார்ல்ற்றன் பரெற் இதில் கரைகண்டவர். ஆரம்பத்தில் கை தானாக ஒன்றில் விழும், விடுங்கள், ஒரு கிழமை பழகினால் அந்த ஒன்றில் மூச்சை உள்ளே இழுக்கக் கற்றுக்கொள்வீர்கள். அரை இடம் தள்ளி எடுக்கிற கீர்த்தனை கேட்டுப் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம், சமம் மனதுக்குள் விழுந்துவிடும், பாட்டு அதற்குப் பிறகு வரும்.

இது பிடிபட்டதும் மற்ற இரண்டு நடைகளும் தானாகத் தெரியும். நான்கு தட்டிலும் பெரிய ட்ரம் விழுந்து ஊர்வலம்போலப் போனால் அது ஸ்ரெப்பர்ஸ், மார்லியின் 1977ஆம் ஆண்டு 'எக்ஸொடஸ்' அதற்கு நல்ல உதாரணம். ட்ரம் இன்னும் அடர்த்தியாக, முதல் தட்டையும் விடாமல் தள்ளிக்கொண்டு போனால் ரொக்கர்ஸ், அது ஸ்லை டன்பார் என்ற ட்ரம் கலைஞரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஓர்கன் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிற்றார் வெட்டுகளுக்கு இடையில் கொதிக்கிற கஞ்சிப்பானைபோலக் கொப்பளித்துக்கொண்டிருக்கும். அவர்களும் அதைக் கொப்பளிப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது கதை. இதை வன்னிக்காரருக்குச் சொல்வது எனக்குச் சுகம், ஏனென்றால் பாதி ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். எங்கள் திருவிழாக்களில் எந்த சவுண்ட் சேர்விஸ் வருகிறது, எத்தனை பெட்டி, யாருடைய சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டது என்று பெடியள் வாரக்கணக்கில் வாதாடுவார்கள். 1950களில் ஜமேக்காவின் தலைநகர் கிங்ஸ்ரன் அப்படியே. பாண்ட் வைக்கக் காசில்லாத, பல வீடுகளில் ரேடியோகூட இல்லாத ஏழைக் குடியிருப்புகளில் ஒரு லொறியில் ஜெனரேற்றர், இசைத்தட்டு சுழற்றி, ஆளுயரப் பெட்டிகள் கொண்டுவந்து திறந்த வெளியில் ஆட்டம் நடத்துவார்கள். அதற்கு சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். டியூக் றீட், கொக்சன் டொட், பிரின்ஸ் பஸ்ரர் என்று முதலாளிகள், ஒருவரோடு ஒருவர் போட்டி. ஓடுவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் றிதம் அண்ட் புளூஸ். நல்ல இசைத்தட்டு கையில் கிடைத்தால் மற்றவன் பெயரைப் பார்த்துவிடாமல் இருக்க மேலே ஒட்டிய தாளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள்! அமெரிக்காவில் ரசனை மாறி, அந்த வகைத் தட்டுகள் வருவது குறைந்ததும், தங்கள் பெட்டிகளுக்குத் தாங்களே பாட்டுத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அப்படித்தான் ஜமேக்கா இசைத்தொழில் பிறந்தது. டொட் 1963இல் திறந்த ஸ்டூடியோ வன் இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

முதலில் வந்தது ஸ்கா. 1962 ஓகஸ்ட் 6இல் ஜமேக்கா சுதந்திரம் பெற்றபோது ஊரே இதற்குத்தான் ஆடியது. வேகமானது, ஊதுகுழல்கள் நிறைந்தது. அந்த ஊதுகுழல்கள் எங்கிருந்து வந்தன என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அல்பா போய்ஸ் ஸ்கூல் என்று கன்னியாஸ்திரிகள் நடத்திய, ஆதரவில்லாத சிறுவர்களுக்கான இல்லம் ஒன்று கிங்ஸ்ரனில் இருந்தது. அங்கே பிள்ளைகளுக்கு பாண்ட் வாத்தியம் பழக்கினார்கள். 1964இல் சேர்ந்த ஸ்கற்றலைற்ஸ் குழுவின் ட்ரொம்போன் மேதை டொன் ட்ரம்மண்ட் உட்படப் பலர் அந்த இல்லத்துப் பிள்ளைகள். சிறுவர் இல்லங்கள் நிறைந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சும்மா ஒரு தகவலாக என்னால் கடந்து போக முடியவில்லை. யாராவது ஒரு இல்லத்துக்குப் பழைய ட்ரம்பெற் ஒன்று வாங்கிக் கொடுக்க யோசித்தால், யோசிக்காமல் கொடுங்கள்.

1966 வாக்கில் வேகம் குறைந்தது. அந்த வருடத்து வெயிலில் வேகமாக ஆட முடியாமல் போனதாம் என்று ஒரு கதை சொல்வார்கள். பேஸ் முன்னுக்கு வந்தது, காதல் பாட்டுகள் கூடின, ஊதுகுழல்கள் பின்னால் போயின. இது றொக்ஸ்ரெடி, இரண்டு வருடம்தான் இருந்தது, ஆனால் மெட்டுக்காகக் கேட்பதென்றால் நான் முதலில் கை வைப்பது இதில்தான். பிறகு 1968. ரூற்ஸ் அண்ட் த மேற்றல்ஸ் குழு அந்த வருடம் வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பில்தான் ரெகே என்ற சொல் முதன்முதலில் தட்டில் அச்சானது. இதற்கெல்லாம் முன்னே கிராமங்களில் பாஞ்சோவும் மரப்பெட்டி பேஸுமாக மென்ரோ என்ற நாட்டுப்பாட்டு இருந்தது. எங்கள் அருவி வெட்டுப் பாட்டுப்போல உழைப்பு, ஊர்க்கதை, கேலி எல்லாம் கலந்தது. ரெகேயின் கிற்றார் வெட்டில் அந்த பாஞ்சோவின் சாயல் இருக்கிறது.

பிறகு வந்த பிரிவுகளில் டப் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடல் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட மக்கள் நாங்கள். இருப்பதை வைத்து ஒலியை உண்டாக்குகிற மெக்கானிக்கின் அருமை எங்களுக்குத் தெரியும். கிங் ரபி அப்படி ஒருவர். ரேடியோ, அம்ப்ளிபயர் திருத்துகிற தொழிலாளி. சின்ன மிக்ஸர் ஒன்றை வைத்துக்கொண்டு, பதிவான பாட்டிலிருந்து பாடகரின் குரலை எடுத்தார், பேஸையும் ட்ரம்மையும் தனியே விட்டார், ஒரு கிற்றார் வெட்டை எதிரொலியில் தூர அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார். இதுதான் டப். இன்று ரீமிக்ஸ் என்று உலகம் செய்வதற்கெல்லாம் மூலம் அங்கேதான் இருக்கிறது. லீ ஸ்க்ராட்ச் பெரி இன்னொருவர், அவர் தன் வீட்டு வளவில் கட்டிய பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில் செய்த வேலைகளை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

குரல் இல்லாத அந்த வெற்றுத் தாளத்தின் மேல் மைக்கைப் பிடித்துப் பேசிப் பாடியவர்கள் யூ-றோய் போன்றவர்கள். கிங்ஸ்ரனில் பிறந்து நியூயோர்க் போன கூல் ஹேர்க் என்ற இளைஞர் 1973இல் அங்கே பெரிய பெட்டிகளோடு விருந்து வைக்கத் தொடங்க, அதிலிருந்து ஹிப்ஹொப் வளர்ந்தது. அதே காலத்தில் லண்டனில் குடியேறியவர்களின் பிள்ளைகள் மென்மையான காதல் ரெகே பாடினார்கள், அது லவர்ஸ் றொக். 1985இல் சின்ன கசியோ கீபோர்ட் ஒன்றுக்குள் ஏற்கெனவே இருந்த தாளத்தை எடுத்து 'அண்டர் மீ ஸ்லெங் ரெங்' என்ற பாட்டைச் செய்தார்கள், அதற்குப் பிறகு டான்ஸ்ஹோல் என்ற ஆட்டப் பிரிவு முழுக்க மின்கருவிப் பக்கம் போனது. இந்த வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, பழையதிலிருந்து புதியதுக்கு, ஒரே இருப்பில் கேட்டால் வேகம் எப்படி இறங்கிப் பேஸ் எப்படி மேலே வந்தது என்று காது சொல்லிவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விடயம். 1970களின் றூட்ஸ் ரெகேயைக் கோயில் பாட்டாகக் கேட்கத் தொடங்குங்கள். அதில் பெரும்பகுதி தேவாரம்போல, திருச்சபைப் பாடல்போல, கடவுளை நோக்கிப் பாடப்பட்டது. அந்தக் கடவுளைத் தெரியாமல் கேட்டால் மெட்டு மட்டும்தான் மிஞ்சும்.

ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்ட மக்களின் பிள்ளைகள் ஜமேக்காவின் கறுப்பின மக்கள். அந்தத் தீவில் 1887இல் பிறந்த மார்க்கஸ் கார்வே, கறுப்பின மக்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஆபிரிக்காவைத் தாய்நிலமாகப் பார்க்க வேண்டும் என்று உலகமெங்கும் பேசினார். 1930 நவம்பர் 2இல் எதியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்ற இளவரசர் ஹெய்லி செலாசி என்ற பெயரில் பேரரசராக முடிசூடினார். யூதா கோத்திரத்துச் சிங்கம் என்பது அவருடைய பட்டம், வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற அதே சொல். ஜமேக்கா ஏழைகளில் சிலர் வேதத்தைத் திறந்து, இவர்தான் வாக்களிக்கப்பட்டவர் என்றார்கள். ரஸ்தஃபாரி சமயம் அங்கே தொடங்குகிறது. முதலில் பிரசங்கித்தவர்களில் ஒருவரான லெனர்ட் ஹவலை 1934இல் அரச விரோதக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். அவர் வெளியே வந்து 1940இல் பினக்கிள் என்ற மலையில் தன் மக்களோடு ஒரு குடியிருப்பை அமைத்தார், அதையும் பொலிஸ் புகுந்து அழித்தது. 1963இல் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலுக்குப் பிறகு, ரஸ்தாக்கள் என்று அழைக்கப்படுகிற இந்தச் சமயத்தவரைத் தேடித் தேடிப் பிடித்தார்கள், அடித்தார்கள், சடையை வெட்டினார்கள். அதற்கு அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2017இல்தான்.

அந்த ஹவல் எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயர் கங்குங்குரு மராக். மராக் என்பது மகராஜ். எப்படி வந்தது? 1845இலிருந்து 1917 வரை இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் வட இந்தியாவிலிருந்து, 36,000க்கும் மேற்பட்டவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஜமேக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். கஞ்சா என்ற சொல்லே அவர்களோடுதான் அங்கே போனது. சடை வளர்த்த சாதுக்களின் சாயலும் ரஸ்தாவில் கலந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள், ரஸ்தாக்களோ எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து நசரேய விரதத்தைக் காட்டுகிறார்கள், தலையில் கத்தி படக்கூடாது என்ற விரதம். என் அம்மாவின் வீட்டார் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஆட்களைக் கப்பலில் ஏற்றித் தோட்டத்தில் இறக்கிய அதே வெள்ளைக்கார ஏற்பாட்டில் ஒரு கிளை கண்டிக்கு வந்தது, ஒரு கிளை ஜமேக்காவுக்குப் போனது. இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டுகள் எனக்கு அந்நியமாக இல்லை.

கஞ்சாவைப் பற்றிக் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ரஸ்தாக்களுக்கு அது வழிபாட்டுப் பொருள். 2015இல் ஜமேக்காச் சட்டமும் அவர்களுடைய வழிபாட்டுக்காக அதை அனுமதித்தது. எங்கள் கரைகளில் படகில் வந்து இறங்கி, பாடசாலை முடிக்காத பிள்ளைகளிடம் போய்ச் சேருகிற சரக்குக்கும் அந்த வழிபாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரெகே கேட்க அது தேவையும் இல்லை. மார்லியின் படத்தைக் காட்டி அதை விற்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

இனிச் சொற்களுக்கு வரலாம். பபிலோன் என்று கேட்டால் நகரத்தை நினைக்காதீர்கள், அது அடக்குகிற ஆட்சி, பொலிஸ், அதிகாரம் எல்லாம் சேர்ந்தது. ஸயன் என்றால் திரும்பிப் போக வேண்டிய இடம், அவர்களுக்கு எதியோப்பியா. ஐற்றல் என்றால் அவர்களுடைய சைவச் சாப்பாடு. மச்சம் இல்லை, உப்பும் தவிர்ப்பார்கள், விரதக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. ஜா என்றால் கடவுள். இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'ஐ அண்ட் ஐ', நானும் நானும். நீ, அவன், நாங்கள் என்று பிரிக்காமல், எனக்குள் இருக்கிற கடவுள்தான் உனக்குள்ளும் என்பதால் எல்லாரும் 'நான்' என்கிறார்கள். தமிழில் கேட்பவரை வெளியே விட்டால் நாங்கள், உள்ளே சேர்த்தால் நாம். நாம் என்ற சொல்லைக் கடவுளையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் சொல்ல வருவது பிடிபடும்.

வேதாகமம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தச் சமயத்தவராக இருந்தாலும். சங்கீதம் 137ஐ வாசியுங்கள், பாபிலோன் ஆறுகளின் அருகே உட்கார்ந்து ஊரை நினைத்து அழுதவர்களின் பாட்டு. மெலோடியன்ஸ் குழு 1970இல் அதைத்தான் ரெகேயாகப் பாடியது. பொனி எம் குழு 1978இல் பாடியதுதான் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியும், ஆனால் மூலம் வேறு கனம். ஊரை விட்டு ஓடி, மரத்தடியில் தறப்பாள் கட்டி இருந்தவர்களுக்கு அந்தச் சங்கீதத்துக்கு உரை சொல்ல வேண்டியதில்லை. அதேபோல மார்லியின் 'வோர்' பாட்டின் வரிகள் ஹெய்லி செலாசி 1963இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆற்றிய உரையிலிருந்து எடுத்தவை, 'ரிடெம்ப்ஷன் சோங்' பாட்டில் கார்வேயின் பேச்சு இருக்கிறது. மூலத்தை வாசித்துவிட்டுப் பாட்டுக்கு வந்தால் அவர் சொல்லை எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்பது கேட்கும். நெருப்பு நெருப்பு என்று ரஸ்தாப் பாடகர்கள் அடிக்கடி பாடுவார்கள், வன்முறை என்று பயப்பட வேண்டாம். நீதி தவறிய அரசனின் நகரை எரித்தவளுக்கு வற்றாப்பளையில் பொங்கல் வைக்கிற மக்களுக்கு அது என்ன நெருப்பு என்று தெரியும்.

மார்லிக்கு அப்பால் போகக் கட்டாயம் மறக்காதீர்கள். அவரோடு தொடங்கிய பீற்றர் ரொஷ், பனி வைலர். மார்லியின் ஊரான சென் ஆன் பகுதியிலிருந்தே வந்த பேர்னிங் ஸ்பியர், இவர் கார்வேயின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது மந்திரம் உச்சரிப்பதுபோல இருக்கும். மார்லியின் பின்னால் நின்று பாடிய ரீற்றா மார்லி, மார்ஷா கிரிபித்ஸ், ஜூடி மோவற் மூவரும் தனித்தனியாகவும் பெரிய பாடகிகள். ஜூடி மோவற்றின் 'பிளாக் வுமன்' தொகுப்பை அக்காமார் தங்கச்சிமார் கட்டாயம் கேட்க வேண்டும்.

கடைசியாக ட்ரம். ரஸ்தாக்களின் வழிபாட்டில் நயபிங்கி என்ற மேளம் உண்டு, மூன்று கருவி. பெரிய பேஸ் ட்ரம்மை துணி சுற்றிய கோலால் அடிப்பார்கள், இடி என்பது அதன் பட்டப்பெயர். நடுவில் ஃபுண்டே, இதயத்துடிப்பைப் பிடிப்பது அதுதான். மேலே சின்ன ரிப்பீற்றர், அது பேசும், கேள்வி கேட்கும், துள்ளும். கிங்ஸ்ரன் சேரிகளில் ஊர் மதிக்காத புரு மேளக்காரரிடமிருந்து ரஸ்தாக்கள் இதைக் கற்றார்கள். பறை அடிப்பவரைச் சாவீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த ஊர்களில் வளர்ந்த நாங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தலை குனிய வேண்டும். கவுண்ட் ஒஸி என்பவர் இந்த மேளத்தை ஒலிப்பதிவுக்குக் கொண்டுவந்தார், அவருடைய குழுவின் 'கிரவுண்டேஷன்' தொகுப்பு 1973இல் வந்தது. முழுவதையும் கேளுங்கள், அவசரப்படாமல்.

கேட்டபின் மூன்று பேர் சேர்ந்து அடித்துப் பாருங்கள். ட்ரம் வேண்டாம், ஒரு தண்ணீர் பரல், ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு உடுக்கு அல்லது சின்னப் பறை போதும். வாளிக்காரர்தான் ஃபுண்டே, அவர் தொடங்கட்டும்: இரண்டு அடி, ஒரு இடைவெளி, இரண்டு அடி, ஒரு இடைவெளி, வேகம் கூட்டாமல். மாலைநேரத்தில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் கேட்கிற அளவுதான். பத்து நிமிடம் அதை மட்டும் அடியுங்கள், மற்ற இருவரும் சும்மா இருந்து கேளுங்கள். வேகம் ஓடாமல் நிலைத்த பிறகு பரல்காரர் துணி சுற்றிய தடியால் ஒன்றில் ஒரு அடி போடட்டும், இங்கே ஒன்று காலியில்லை, அது விழும். உடுக்குக்காரர் பேசத் தொடங்குவது அதற்கும் பிறகு, வாளியை அடிப்பவர் கண்ணை மூடிக்கொண்ட பிறகு.